ஈரச்சாக்கு

சந்துக்குள் வண்டி போகாது என்று டிரைவர் ரோட்டிலேயே நிறுத்திவிட்டான். மட்டாஞ்சேரியின் பழைய கிடங்குகளுக்குப் பின்னால், இரண்டு பேர் தோள் உரச நடக்கிற அளவுக்கு ஒரு சந்து. அதன் கடைசியில் ஒரே வரிசையாக ஏழு ஓட்டு வீடுகள். ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டிலைக் கழற்றி, பீரோவைச் சாய்த்துப் பிடித்து, இசக்கிதுரையும் டிரைவரும் ஏழாவது வீட்டுக்குள் எல்லாவற்றையும் கொண்டு சேர்க்கும்போது மணி பத்தாகிவிட்டது.

பாண்டிச்செல்விக்கு வீடு பிடித்திருந்தது. அவள் வேலை பார்க்கிற சுக்குக் கிடங்கு ஐந்து நிமிஷ நடை. ஏழு வயது மகள் அஞ்சனாவின் பள்ளிக்கூடம் அதைவிடப் பக்கம். இசக்கிதுரைக்குக் களமசேரியில் டைல்ஸ் பதிக்கிற வேலை. அவன் எங்கே குடியிருந்தாலும் விடியுமுன்னே பஸ் பிடித்தாக வேண்டியவன்தான். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இங்கே வந்து நாலு வருஷத்தில், பின்வாசல் உள்ள வீடு இதுதான் முதல்.

அந்தப் பின்வாசலைத் திறந்தால் நாலு எட்டில் ஒரு மதில். அதில் ஓரிடம் இடிந்து ஆள் நுழைகிற அளவுக்கு வழி விட்டிருந்தது. மதிலுக்கு அப்பால் ஒரே புல்.

எப்போதோ மூடிப்போன ஒரு மரக்கம்பெனியின் நிலம் அது. நாலு ஏக்கர் இருக்கும். வாரிசுகளுக்குள் கேஸ் நடக்கிறது. முன்பக்க கேட்டில் பூட்டும், யாரும் உள்ளே போகக்கூடாது என்று கோர்ட் நோட்டீசும் தொங்குகின்றன. உள்ளே தலைக்குமேல் வளர்ந்த புல்லும், கம்யூனிஸ்ட் பச்சை என்று இங்கே சொல்கிற களைச்செடியும், கொடி ஏறிச் செத்துப்போன மரங்களும் பின்னிக் கிடந்தன.

"டவுனுக்குள்ள இப்பிடி ஒரு காடா?" என்று இசக்கிதுரை ஆச்சரியப்பட்டான்.

ஆறாவது வீட்டு சரோஜம்மா சாயா கொண்டுவந்து கொடுத்தாள். ஐம்பது வயதைத் தாண்டியவள், கணவன் இல்லை, இறால் உரிக்கிற கம்பெனிக்குப் போகிறவள். தமிழர்களோடு பழகிப் பழகி மலையாளமும் தமிழும் கலந்து பேசினாள். டம்ளரைத் திரும்ப வாங்கும்போது அடுப்படியை எட்டிப் பார்த்தாள்.

"மோளே, சிலிண்டர் உள்ள இருக்கண்டா. சமையல் கழிஞ்சா கழற்றி முன்வாசல்ல கொண்டு வச்சிடணும், கேட்டோ?"

"ஏன் சேச்சி?"

"வேனல் வருதில்லே, வெயில் காலம்," என்றாள் சரோஜம்மா. டம்ளரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அப்புறம்தான் பாண்டிச்செல்வி கவனித்தாள். மற்ற ஆறு வீட்டிலும் சிலிண்டர்கள் முன்வாசலில் நின்றன. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஆணியில் ஒரு பை தொங்கியது. ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் சர்டிபிகேட். கையை நீட்டினால் எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம்.

பிப்ரவரியில் புல் நிறம் மாறியது. முதலில் நுனி மஞ்சளானது, பிறகு தண்டு. இரண்டாவது வாரத்தில் மொத்த நிலமும் வைக்கோல் நிறத்துக்கு வந்து, லேசான காற்றுக்கே சரசரத்தது. அஞ்சனா அந்தச் சத்தத்தை மழை என்று நினைத்து, ஒருநாள் காயப்போட்ட துணியை எடுக்க ஓடினாள்.

அந்த மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை. உச்சிவெயில். பாண்டிச்செல்வி பின்பக்கம் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை கத்திக்கொண்டிருந்த காக்கைகள் சட்டென்று ஓய்ந்தன. புல் அசையவில்லை. வெயில் மட்டும் மதிலின்மேல் கொதித்துக்கொண்டிருந்தது.

தொப்.

யாரோ துணி துவைக்கிறார்கள் என்று நினைத்தாள்.

தொப்.

சத்தம் மதிலுக்கு அப்பால் இருந்து வந்தது. கனமான, நனைந்த ஏதோ ஒன்று தரையில் விழுகிற சத்தம். நடுவில் ஒரு மூச்சு இழுக்கிற நேரம். மறுபடியும் அதே சத்தம். கூடவே ஒரு வாடை வந்தது. ஈரச்சாக்கின் வாடை, பாதி கருகி, தண்ணீரில் முக்கி எடுத்த சாக்கு.

அவள் எழுந்து மதிலின்மேல் எட்டிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. ஒரு புல்கூட வளையவில்லை.

தொப்.

முன்பக்கம் இரும்பு உராய்கிற சத்தம் கேட்டுத் திரும்பி ஓடிவந்தாள். சரோஜம்மா தன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு ரோட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். பின்னாலேயே இரண்டாவது வீட்டு மஞ்சுஷா கைக்குழந்தையை இடுப்பிலும் பையைத் தோளிலும் தூக்கிக்கொண்டு வந்தாள். யாரும் பதறவில்லை. பஸ்ஸுக்குக் கிளம்புகிறவர்கள் மாதிரி இருந்தார்கள்.

"இன்னைக்கா சேச்சி?" என்று மஞ்சுஷா கேட்டாள்.

"இன்னைக்கோ, நாளைக்கோ."

மறுநாள் மதியம் ஒரு மணிக்கு நிலத்தின் அந்தக் கோடியில் தீப்பிடித்தது. எப்படிப் பிடித்தது என்று யாருக்கும் தெரியாது. புகைக்கு முன்னால் சத்தம்தான் வந்தது. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் சுள்ளி ஒடிக்கிற மாதிரி ஒரு படபடப்பு. அப்புறம் புகை. அப்புறம் மதிலைத் தொட முடியாத சூடு. ஃபயர் ஃபோர்ஸ் வண்டி ரோட்டில் நின்றது. சந்து நெடுக குழாயை இழுத்து அவர்கள் தண்ணீர் கொண்டுவருவதற்குள் பாதி நிலம் கரியாகிவிட்டது. காற்று எந்த நேரத்தில் மாறும் என்று அவர்களுக்கும் தெரியாது. ஏழு வீட்டுக்காரர்களும் ரோட்டு ஓரத்தில் சிலிண்டர்களுக்குப் பக்கத்தில் நின்று, தங்கள் ஓடுகளுக்குமேல் பறக்கிற பொறிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வாசலில் படிந்த கரியைக் கூட்டிக்கொண்டே சரோஜம்மா விஷயத்தைச் சொன்னாள்.

"நீங்க இருக்கிற வீட்டுல மூணு கொல்லம், மூணு வருஷம் முந்தி பேச்சின்னு ஒரு தமிழ்க்காரி இருந்தா. சுக்குக் கிடங்குலதான் வேலை, உன்னை மாதிரி. அன்னைக்குக் காத்து நேரா நம்ம பக்கம். வண்டி வர வைகிச்சு, நேரமாயிடுச்சு. அவ ஒரு சாக்கைத் தண்ணியில முக்கி எடுத்துக்கிட்டு, மதில் வழியா உள்ள போயிட்டா. அடிச்சு அணைக்கப் போறேன்னு."

"ஒத்தையிலயா?"

"ஒத்தையிலதான். இந்த ஏழு வீட்டுக்கும் ஒண்ணும் ஆகல அன்னைக்கு. அவ உடம்பை எடுத்தப்போ சாக்கு கையில இருந்துச்சு."

பாண்டிச்செல்வி துடைப்பத்தைக் கீழே வைத்தாள். "அவங்க யாரையும் கூப்பிடலையா சேச்சி?"

சரோஜம்மா குனிந்து கூட்டிக்கொண்டே இருந்தாள். கூட்டின இடத்தையே திரும்பக் கூட்டினாள்.

"கூப்பிட்டா. தமிழில என்னமோ கூப்பிட்டா. எங்களுக்கு மனசிலாயில்ல, புரியல."

இதையெல்லாம் கேட்ட இசக்கிதுரை வேறு வீடு தேட ஆரம்பித்தான். தோப்பும்படி, பள்ளுருத்தி, எர்ணாகுளத்தில் மார்க்கெட் பக்கம் என்று லீவு நாளெல்லாம் அலைந்தான். எங்கும் அமையவில்லை. நிலத்தின் எரியாத பாதி இன்னும் அப்படியே நின்றது. வரிசை வீட்டுக்காரர்கள் சேர்ந்து கவுன்சிலரைப் பார்த்தார்கள். அவர் வந்து பார்த்து, கேஸ் முடியாமல் தொட முடியாது என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இசக்கிதுரையும் ஐந்தாவது வீட்டு அஜீஷும் அரிவாளோடு உள்ளே இறங்கி, மதிலை ஒட்டிப் பத்தடி அகலத்துக்குப் புல்லை அறுத்தார்கள். மறுநாளே போலீஸ் வந்தது. வாரிசுகளில் ஒருவர் புகார் கொடுத்திருந்தார். இனி ஒருமுறை உள்ளே போனால் கேஸ் என்று எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். அறுத்துப் போட்ட புல்லை அள்ளவும் விடவில்லை. அது மதிலோரத்திலேயே காய்ந்து கிடந்தது.

மார்ச் மாதம் மறுபடியும் சத்தம் கேட்டது. இந்த முறை பாண்டிச்செல்வி ஃபயர் ஸ்டேஷனுக்கே போன் போட்டாள்.

"தீ பிடிச்சிருக்கா?" என்று கேட்டார்கள்.

"இல்ல சார். இனிமேதான் பிடிக்கும்."

"அது எப்படி நிங்களுக்குத் தெரியும்?"

சத்தம் கேட்கிறது என்று மட்டும் சொன்னாள். பிடித்தால் உடனே கூப்பிடுங்கள் என்று அவர் மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டார். பாவம், அவரும் என்ன செய்வார்? பிடிக்காத தீக்கு வண்டி அனுப்ப முடியுமா?

அன்றைக்குத்தான் அவள் அந்தக் குரலைக் கேட்டாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு பின்வாசலில் நின்றாள். அடிக்கும் சத்தத்துக்கு நடுவே, மூச்சு இழுக்கிற அந்த இடைவெளியில், ஒரு பெண்குரல். கத்தவில்லை. வேலைக்கு நடுவில் கைமாற்ற ஆள் தேடுகிற குரல்.

"யாராச்சும் ஒரு ஆள் வாங்களேன்."

தொப்.

"ஒத்தையில முடியல தாயி."

அவளுடைய ஊர்ப்பக்கத்துப் பேச்சு. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் கேட்கிற பேச்சு. பாண்டிச்செல்வி உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். மறுநாள் தீ வந்து, எரியாத பாதியில் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொண்டு, மதிலுக்கு முப்பதடி தூரத்தில் தானாக நின்றது.

ஏப்ரலில் பள்ளிக்கூடம் லீவு. வேலைக்குப் போகிற நேரத்தில் அஞ்சனாவை மஞ்சுஷாவிடம் விட்டுவிட்டுப் போவாள். ஒரு வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மஞ்சுஷா கிடங்குக்குப் போன் பண்ணினாள். "சேச்சி, காலையிலிருந்து கேட்டுக்கிட்டே இருக்கு. நிக்கல." பாண்டிச்செல்வி பாதி பொறுக்கின சுக்கை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

சந்தில் எல்லோரும் சாமான்களை ரோட்டுக்குக் கடத்திக்கொண்டிருந்தார்கள். காற்று நேராக வீடுகளின் பக்கம் அடித்தது. அஞ்சனாவை ரோட்டோரத்தில் பையின்மேல் உட்கார வைத்து, "அம்மா சிலிண்டர எடுத்துட்டு வாரேன். இங்கன இருந்து அசையக்கூடாது," என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரும்போது பின்னால் அந்தப் படபடப்பு ஆரம்பித்துவிட்டது.

ரோட்டில் பை இருந்தது. அஞ்சனா இல்லை.

"மோளு இப்போ வீட்டுப் பக்கம் ஓடுச்சே," என்றாள் மஞ்சுஷா. "யாரோ கூப்பிடுதுன்னு சொல்லிச்சு."

பின்வாசல் திறந்து கிடந்தது. வாளி கவிழ்ந்திருந்தது. கால் துடைக்கப் போட்டிருந்த சாக்கைக் காணோம். சிமெண்டுத் தரையில் தண்ணீர் சொட்டிய தடம், மதில் இடிந்த இடத்துக்கு நேராகப் போயிருந்தது.

அவள் உள்ளே நுழைந்தாள்.

நாலு எட்டு வைத்ததும் வீடு மறைந்துவிட்டது. புகை சாம்பல் நிறத்தில் அல்ல, மஞ்சளாக இருந்தது. மூச்சு இழுத்தால் தொண்டையில் மிளகாய் வைத்த மாதிரி எரிந்தது. எந்தப் பக்கம் தீ, எந்தப் பக்கம் மதில் என்று தெரியவில்லை.

"அஞ்சனா!"

புகையைக் கையால் விலக்கி மறுபடியும் கூப்பிட்டாள்.

தொப்.

அவள் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வேறு வழி தெரியவில்லை. புல் முகத்தைக் கிழித்தது. சத்தம் நெருங்க நெருங்க, ஈரச்சாக்கின் வாடை புகையைவிடக் கனத்தது.

புல் முடிந்து ஒரு சின்ன வட்டம் வந்தது. களம் மாதிரி வெறுந்தரை. சுற்றிலும் தீ இடுப்பு உயரத்துக்கு நின்றது. நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண், இரண்டு கையாலும் சாக்கைத் தலைக்குமேல் தூக்கி அடித்துக்கொண்டிருந்தாள். அடிக்கும்போதெல்லாம் தீ ஓர் எட்டு பின்னால் போனது. கை மேலே போனதும் அந்த ஓர் எட்டு திரும்பி வந்தது. அவள் சேலை எந்த நிறம் என்று சொல்ல முடியாது. அது உடம்போடு ஒட்டியிருந்தது.

அவளுக்குப் பக்கத்தில் அஞ்சனா நின்று, கால் துடைக்கிற சாக்கால் அடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் கை எழும்போது பிள்ளையின் கையும் எழுந்தது. விழும்போது கூடவே விழுந்தது.

"வந்துட்டியா தாயி," என்றாள் அந்தப் பெண், திரும்பாமல். "நீ அந்தப் பக்கமா நின்னு அடி."

எதிர்பார்த்திருந்த ஆளிடம் சொல்கிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாக. அந்த ஒரு நொடி பாண்டிச்செல்விக்கு அந்தப் பக்கம் போய் நிற்கத்தான் தோன்றியது. கை தானாக முந்தானையை உருவியது.

அப்புறம் அஞ்சனாவின் முகத்தைப் பார்த்தாள். பிள்ளை அழவில்லை. இருமவும் இல்லை. கண்ணிமைக்காமல் தீயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைய விட்டுருங்க அக்கா."

"மூணு பேரு இருந்தா அணைச்சிரலாம் தாயி. ஒத்தையிலதான் முடியல."

பாண்டிச்செல்வி மகளின் இடுப்பைச் சுற்றிப் பிடித்து இழுத்தாள். பிள்ளை வரவில்லை. வேர் பிடித்த செடி மாதிரி நின்றாள். இரண்டாவது முறை முழு பலத்தையும் போட்டு இழுத்தபோது, ஏதோ அறுந்த மாதிரி சட்டென்று கையோடு வந்துவிட்டாள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பாண்டிச்செல்வி திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

பின்னால் அடிக்கும் சத்தம் நிற்கவில்லை. கொஞ்சம் வேகமாகியது.

"போயிட்டியா?" என்று கேட்டது குரல். "நீயும் போயிட்டியா?"

குழாயோடு வந்த ஃபயர் ஃபோர்ஸ்காரர் ஒருவர்தான் மதிலோரத்தில் இரண்டு பேரையும் வெளியே தூக்கிப் போட்டார். அன்றைக்கு அவர்கள் வீட்டின் அடுப்படியும், சரோஜம்மா வீட்டின் பாதிக் கூரையும் போயின. பாண்டிச்செல்விக்குக் காலிலும் முதுகிலும் தீக்காயம். அஞ்சனாவுக்கு ஒன்றுமே இல்லை. உள்ளங்கைகளில் மட்டும் சாக்கின் நெசவு அச்சாகப் பதிந்திருந்தது. நாலு நாளில் அதுவும் மறைந்தது. என்ன நடந்தது என்று கேட்டால், "ரோட்டுலதான இருந்தேன்," என்றாள்.

தோப்பும்படியில் மூன்றாவது மாடியில் ஒரு வீடு கிடைத்தது. சுற்றிலும் கான்கிரீட். ஒரு புல்கூடக் கண்ணுக்குத் தெரியாது. சாமான்களை ஏற்றுகிற அன்று சரோஜம்மா ரோடு வரைக்கும் கூடவே வந்தாள். அவள் எங்கேயும் போகவில்லை. போக அவளுக்கு இடமும் இல்லை. கூரைக்குத் தார்ப்பாய் போட்டிருந்தாள்.

"நீ அவளைப் பாத்தே, இல்லே?"

"பாத்தேன் சேச்சி."

"கூப்பிட்டாளா?"

"கூப்பிட்டாங்க. விட்டுட்டு வந்துட்டேன்."

சரோஜம்மா அவளுடைய கையைப் பிடித்தாள்.

"எனக்கு மனசிலாச்சு மோளே. அன்னைக்கு அவ சொன்னதெல்லாம் நல்லா மனசிலாச்சு. அடுக்களை ஜன்னல்லதான் நின்னேன். ஒரு ஆள் வாங்கன்னு சொன்னா. என் பேரையும் சொல்லிக் கூப்பிட்டா. நான் ஜன்னலை அடைச்சேன்."

பாண்டிச்செல்வி அந்தக் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. குறை சொல்ல அவளுக்கு என்ன தகுதி இருக்கிறது? வண்டி கிளம்பியது.

மழைக்காலம் வந்து போனது. ஓணம் போனது, கிறிஸ்துமஸ் போனது. அஞ்சனா நன்றாகப் படித்தாள், நன்றாகச் சாப்பிட்டாள். முன்புபோல் ஓயாமல் பேசுவதில்லை, அவ்வளவுதான். பயந்த பிள்ளை, நாளானால் சரியாகிவிடும் என்றான் இசக்கிதுரை.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாட்டு நேரம். இசக்கிதுரைக்கு அன்றைக்கும் வேலை இருந்தது. அஞ்சனாவுக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்காரும்போது போன் அடித்தது. சரோஜம்மா.

"தொடங்கியாச்சு மோளே," என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. "புல்லு திரும்ப ஆள் உயரத்துக்கு வந்தாச்சு. காலையிலிருந்து கேக்குது."

"ரோட்டுக்குப் போயிருங்க சேச்சி. சிலிண்டர விட்டுத் தள்ளுங்க."

"போறேன். அதுக்கு முந்தி நீ ஒண்ணு கேக்கணும். எனக்கு மட்டும்தான் இப்படிக் கேக்குதான்னு தெரியல. போனை ஜன்னல்ல வைக்கிறேன்."

இரைச்சல். காய்ந்த புல்லின் சரசரப்பு. அப்புறம் எல்லாம் அடங்கியது.

தொப்.

அதே கனம். அதே மூச்சு இழுக்கிற இடைவெளி. ஆனால் அந்த இடைவெளிக்குள் இப்போது இன்னொரு அடி விழுந்தது. மெல்லிசாக. எடை இல்லாமல். சின்னக் கை அடிக்கிற அடி.

பாண்டிச்செல்வி போனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்தாள்.

"ஒரு ஆள் வாங்களேன்," என்றது பேச்சியின் குரல், வெகுதூரத்திலிருந்து.

"அம்மா வருவாங்க அக்கா," என்றது இன்னொரு குரல்.

அந்தக் குரலை எட்டு வருஷமாக அவளுக்குத் தெரியும்.

எதிரில் அஞ்சனா குனிந்த தலை நிமிராமல், வாய் நிறையச் சோற்றோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.